விருந்தும் வீட்டாரும்

மதம் மாறியவர்களின் வரலாறுகளை நம் ஜனங்கள் ஏராளமாகப் படித்திருக்கின்றனர். ஒருவனுக்கு நம்பிக்கை எவ்வாறு பிறந்தது, எந்தச் சொல் அவன் நெஞ்சைத் தொட்டது, எந்த நோயில் அவன் கடவுளைக் கூவியழைத்தான் என்பன போன்ற செய்திகள் அவற்றில் விரிவாகக் கூறப்பெறும். அதன் பின்னர் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் எந்த ஆலயத்தின் படியேறினான், எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தான், பக்கத்திலிருந்தவர் அவனை நோக்கி யாது சொன்னார் என்பதை மட்டும் எவரும் எழுதுவதில்லை. அற்ப விஷயமென்று விட்டுவிடுகின்றனர் போலும். அந்த அற்ப விஷயத்தில் ஒன்றரை ஆண்டு அலைந்தவர்கள் நாம். ஆதலின் அதனைப் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம். இது மதப் பிரசாரமன்று. நம் வாசகருள் சைவரும் வைணவரும் இஸ்லாமியரும், கடவுளே இல்லையென்பாரும் உளர் என்பதை அறிவோம். எந்தக் கூட்டத்திலாயினும் புதிதாக ஒருவன் வந்து நிற்கும்போது அவன் படும் பாடு ஒன்றேயாதலால், இதனை எல்லாரும் படிக்கலாம்.

நாம் பிறந்து வளர்ந்தது சிலாங்கூரிலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். இன்று அத்தோட்டம் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. லயத்தின் கோடியிலிருந்த மாரியம்மன் கோயில் மட்டும் சற்றுத் தள்ளி இடம் பெயர்ந்து நிற்கின்றது. நம் தாயார் அக்கோயிலில் தீச்சட்டி ஏந்தியவர். தகப்பனாரோ, 1954-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ரா. மலாயாவுக்கு வந்தபோது சைக்கிளில் சென்று அவரது சொற்பொழிவைக் கேட்டு, அன்று முதல் நெற்றியில் திருநீறு இடுவதை நிறுத்தியவர். இருவரும் சண்டையின்றி வாழ்ந்தனர் என்று சொன்னால் அது பொய்யாகும். சோறு மட்டும் ஒரே பானையில் வெந்தது.

தகப்பனார் காலமான ஆண்டில், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இரவைக் கழிக்கும் பொருட்டு நாம் கையிலெடுத்த லூக்கா சுவிசேஷம் நம்மைப் பிடித்துக்கொண்டது. அது எவ்வாறு என்பது வேறு கதை. அதனை இங்கே விரிக்க விரும்பவில்லை. தாயாரிடம் இச்செய்தியைச் சொன்னபோது அவர் அழவுமில்லை, ஏசவுமில்லை. "அப்படியானால் எனக்குக் கொள்ளி வைப்பது யார்?" என்று மட்டும் கேட்டார். நாம் அவருக்கு ஒரே ஆண்பிள்ளை. தமக்கையார் இருவரும் சில மாதங்கள் நம்மோடு பேசுவதையே விட்டனர்.

புதிய நம்பிக்கையொன்றைத் தேடிப் போகிறவன் பெரும்பாலும் தன் வீட்டிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தவனாகவே ஆலய வாயிலை அடைகின்றான். அங்கேயும் அவன் வெளியில் நிற்க நேர்ந்தால், அவனுக்கு இரண்டு வீடும் இல்லையாகும். ஆலயத்தார் பலர் இதனை உணர்வதில்லை. கைகுலுக்கிப் புன்னகை செய்தால் வரவேற்பு முடிந்தது என்றெண்ணி, அடுத்தவரிடம் போய்விடுகின்றனர்.

நிற்க. இத்தனை சபைகள் இருக்க ஆங்கிலிக்கன் சபையை ஏன் நாடினீர் என்று கேட்ட அன்பர் உளர். அதற்குக் காரணம் ஒரு புத்தகம். ஜெபம் செய்யத் தெரியாதவர்கள் நாம். நாத்திகத் தகப்பனின் பிள்ளைக்கு அது எங்ஙனம் தெரியும்? வேறு சில கூட்டங்களுக்கு நாம் போனபோது, முதல் நாளே நம்மை எழுப்பி நிறுத்தி, உள்ளத்திலுள்ளதை உரக்கச் சொல்லும்படி கேட்டனர். உள்ளத்தில் இருந்ததோ திகைப்பு ஒன்றே. பிறகு பழைய புத்தகக் கடையொன்றில் இங்கிலாந்துச் சபையாரின் பொது ஜெபப் புத்தகம் கிடைத்தது. 1549-ஆம் ஆண்டில் பேராயர் தாமஸ் கிரான்மர் தொகுத்து வெளியிட்ட நூல் அது. அவரை 1556-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் உயிரோடு எரித்தனர். பல திருத்தங்களுக்குப் பின் 1662-ஆம் ஆண்டில் உருப்பெற்ற பதிப்பே பிற்காலத்தில் உலகெங்கும் பரவி, தமிழிலும் பெயர்க்கப்பட்டது. குரு சொல்வது இன்னது, ஜனங்கள் சொல்லும் மறுமொழி இன்னது, நிற்பது எப்போது, முழங்காலிடுவது எப்போது என்று யாவும் அதில் வரையப்பெற்றிருக்கின்றன. சொல் தெரியாதவனுக்குச் சொல் கொடுக்கும் புத்தகம் அது. பாவ அறிக்கை என்னும் பகுதியை எல்லாரும் ஒருமித்துச் சொல்ல வேண்டும். துரையும், கிராணியும், மரம் வெட்டுபவனும் ஒரே வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லித் தாம் குற்றவாளிகள் என்று ஒப்புக்கொள்வதாயின், அத்தகைய இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நமக்குத் தோன்றிற்று.

ஆனால் ஆங்கிலிக்கன் என்னும் ஒரே பெயர்ப்பலகையின் கீழே பலவகை வழிபாடு நடைபெறுவதை நாம் அப்போது அறியோம். ஓரிடத்தில் நீண்ட அங்கியும் மெழுகுவத்தியும் ஆர்கன் வாத்தியமும் கண்டோம். மற்றோரிடத்தில் கித்தாரும் முரசும் முழங்க, ஜனங்கள் கைகளை உயர்த்திப் பாடினர். சொற்கள் திரையில் ஓடின. நம் கையிலிருந்த ஜெபப் புத்தகத்தை அங்கே எவரும் திறக்கவில்லை. இதற்கும் வரலாறு உண்டு. 1909-ஆம் ஆண்டு முதல் தனி மறைமாவட்டமாக விளங்கிய சிங்கப்பூர்த் திருச்சபையில், முதல் ஆசிய அத்தியட்சராக 1966-ஆம் ஆண்டில் பதவியேற்றவர் சியூ பான் இட் அவர்கள். 1970-களில் அவர் பரிசுத்த ஆவியின் எழுச்சி என்று கூறப்படும் இயக்கத்தைத் தழுவினார். அதன் பின்னரே இப்புது முறை அங்கே வேரூன்றிற்று. மேற்கு மலேசியா 1970-ஆம் ஆண்டில் தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. எனினும் உறவு அறவில்லை. 1996-ஆம் ஆண்டில் மேற்கு மலேசியா, சிங்கப்பூர், சபா, கூச்சிங் ஆகிய நான்கும் சேர்ந்து ஒரே மாகாணத் திருச்சபையாயின. எது சிறந்த முறை என்னும் வழக்கில் நாம் புகவில்லை. புதிதாக வருகிறவன் ஓர் ஆலயத்தைக் கண்டு, இச்சபை முழுவதுமே இவ்வாறுதான் இருக்குமென்று முடிவு கட்டிவிட வேண்டியதில்லை என்பதற்காகவே இதனைக் கூறினோம்.

இவ்விடத்தில் மற்றொன்றும் சொல்லுதல் வேண்டும். ஆங்கிலிக்கன் ஆலயம் என்றால் அது துரைமார் கோயில் என்னும் எண்ணம் தோட்டத்து ஜனங்களிடையே வேரூன்றியிருந்தது. கோலாலம்பூரில் இன்று மெர்டேக்கா சதுக்கம் எனப்படும் திடலருகே, ஏ. சி. நார்மன் என்பாரின் வரைபடப்படி கட்டப்பெற்று 1895-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தூய மரியாள் ஆலயத்தைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போனவரே நம் முன்னோருட் பலர். நாமும் அவ்வச்சம் தெளியாமலே பினாங்குக்குப் போனோம். அங்குள்ள தூய ஜார்ஜ் ஆலயம் 1818-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. தென்கிழக்காசியாவிலுள்ள ஆங்கிலிக்கன் ஆலயங்களுள் அதுவே மிகப் பழையது. அதன் வெண்ணிறத் தூண்களை எழுப்பியவர் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொணர்ந்த கைதிகள். சிங்கப்பூரில் தூய அந்திரேயா பேராலயத்துக்கு 1856-ஆம் ஆண்டில் அடிக்கல் இட்டு, 1862-ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்தனர். அதனையும் கட்டியவர் இந்தியக் கைதிகளே. அதன் உட்சுவருக்குப் பூசியது சென்னைச் சுண்ணம். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் கலந்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுப் பூசி, காய்ந்த பின் கல்லால் தேய்த்து மெருகேற்றுவது அம்முறை. அச்சுவரை நாம் கையால் தடவிப் பார்த்தோம். பளிங்கு போல் குளிர்ந்திருந்தது. காலில் விலங்கிட்ட ஒருவன் அரைத்த சுண்ணாம்பு அது. அதற்குப் பின் எந்த ஆலயத்தின் உள்ளே போவதற்கும் நமக்குக் கூச்சம் இருந்ததில்லை.

கூச்சம் போயிற்றேயன்றி, இடம் கிடைத்தபாடில்லை.

முதன்முதல் நாம் தொடர்ந்து சென்ற ஆலயம் நகரத்திலுள்ள பெரியதோர் ஆங்கில ஆலயம். அதன் பெயர் இங்கே வேண்டாம். வாயிலில் இளைஞர் நால்வர் நின்று கைகுலுக்கினர். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதித்தரும்படி அட்டையொன்று கொடுத்தனர். சட்டையில் ஒட்டிக்கொள்ளப் புதியவர் என்று குறித்த சீட்டும் கொடுத்தனர். குளிர்ந்த நீரும் பலகாரமும் வந்தன. மறுநாள் தொலைபேசியில் அழகானதொரு செய்தியும் வந்தது. மகிழ்ந்தோம். அடுத்த வாரம் சென்றபோது வேறு நால்வர் நின்றனர். "இன்றுதான் முதல் தடவையோ?" என்று கேட்டு, அதே அட்டையை நீட்டினர். மூன்றாம் வாரமும் அங்ஙனமே. இரண்டு மாதம் கழிந்த பின்னும் நாம் அங்கே புதியவராகவே இருந்தோம். அவர்கள் கெட்டவர்களல்லர். வரவேற்பைத் திறம்படக் கற்றவர்கள். ஆனால் வாயிலில் நம்மை வரவேற்றவர் எவரும் உள்ளே நம் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் வேளையில் மட்டும் எட்டுக் கைகள் நீண்டன. வழிபாடு முடிந்ததும் குடும்பம் குடும்பமாகப் பகலுணவுக்குப் புறப்பட்டனர். நாம் பேருந்து நிறுத்தத்தில் நின்று அவர்தம் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தமிழில் விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம் பொருள். அதிலிருந்தே புதிதாக வந்தவரையும், பின்னர் அவருக்கிடும் உணவையும் அச்சொல் குறித்தது. எத்தனை நாள் புதுமை நிலைக்கும்? வந்தவனுக்கு நாற்காலி போட்டுத் தின்பண்டம் கொடுத்து உபசரிக்கும் வீட்டில், அவனே எழுந்துபோய்த் தண்ணீர் மொண்டு குடிக்கும் நாள் ஒன்று வர வேண்டும். அந்நாள் வராத வீடு எவ்வளவு உபசரித்தாலும் அவன் அங்கே அயலானே.

இதற்கு நேர்மாறானது நாம் இரண்டாவதாகக் கண்ட இடம். அது ஒரு சிறு தமிழ்ச் சபை. நம் மொழியில் பாமாலையும் கீர்த்தனையும் கேட்டபோது நெஞ்சு நெகிழ்ந்தது. வழிபாடு முடிந்ததும் பெரியவர் ஒருவர் அன்போடு அருகில் வந்தார். "ஐயாவுக்குத் தமிழ்நாட்டில் எந்த ஊர்?" என்றார். பாட்டனார் சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தவர் என்றோம். "சேலத்தில் எந்தப் பக்கம்? ஊரின் பெயர் என்ன? ஊருக்குள்ளேயா, வெளியிலேயா? தாயார் வழியில் யார்?" என்று கேள்விகள் தொடர்ந்தன. தோட்டத்தில் பிறந்த தமிழனுக்கு இக்கேள்விகள் எங்கே போய் முடியும் என்பது தெரியாததன்று. தகப்பனார் கற்பித்த மறுமொழியையே நாம் சொன்னோம்: "ஐயா, எங்கள் ஊர் லயம்." பெரியவர் சிரித்தார். அச்சிரிப்பில் முன்னிருந்த சூடு இல்லை. அடுத்தடுத்த வாரங்களில் கைகூப்பினார், பேசவில்லை. இதற்காகச் சபை முழுவதையும் குறைகூறுவது நியாயமன்று. அங்கே நம்மிடம் ஒன்றும் கேளாத நல்லோரும் இருந்தனர். ஆயினும் எந்த நோயை விட்டு விலகுவதாக எண்ணிப் போனோமோ, அந்நோய் அங்கியணிந்து எதிரே வந்து நின்றது.

இது இன்று நேற்று வந்ததன்று. தமிழ்நாட்டுச் சபைகளில் ஜாதிக்கொரு பக்கமாக அமர்ந்தும், திருவிருந்தில் முன்பின் வரிசை பார்த்தும் வந்தனர். கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன் 1833-ஆம் ஆண்டில், சபைக்குள் ஜாதி வேற்றுமை உடனே, முற்றாக ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு வெளியேறினரேயன்றி, அதற்கு உடன்பட்டாரில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எவ்வளவு பெரிய கவிஞர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அவர் பாடல்களை இன்றும் தமிழ்க் கிறிஸ்தவர் கண்ணீரோடு பாடுகின்றனர். அவரும் அக்கட்டளையை எதிர்த்தே எழுதினார். பாட்டு வேறு, பந்தி வேறு என்று வைத்தனர் போலும்.

பாளையங்கோட்டைக் கிளாரிந்தா அம்மையின் வரலாற்றை நாம் அக்காலத்தில்தான் படித்தோம். தஞ்சைப் பிராமணக் குலத்துக் கைம்பெண் அவர். உடன்கட்டையிலிருந்து ஆங்கில அதிகாரியொருவர் அவரைக் காத்தார் என்பர். அவ்வதிகாரியோடு மணமின்றி வாழ்ந்தமையால், அவர் ஞானஸ்நானம் கேட்டபோது ஷ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பின்னர், 1778-ஆம் ஆண்டில்தான் கொடுத்தார். வாயிலில் ஒருமுறை நிறுத்தப்பட்ட அவ்வம்மை என்ன செய்தார்? மனங்கசந்து போய்விடவில்லை. பாளையங்கோட்டையில் ஓர் ஆலயத்தைத் தாமே முன்னின்று கட்டினார். 1785-ஆம் ஆண்டில் அதனைப் பிரதிஷ்டை செய்தவர் அதே ஷ்வார்ட்ஸ் ஐயர். பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊரார் அதனை அழைத்தனர். பிற்காலத்தில் ஆங்கிலிக்கன் சபையாக வளர்ந்த திருநெல்வேலித் திருச்சபைக்கு அதுவே தொடக்கங்களுள் ஒன்று. அத்துணை மனவலி நமக்கு இல்லை. ஆலயம் கட்டப் பணமும் இல்லை. ஆனால் மூன்றாம் வாயிலைத் தட்டிப் பார்க்க அவ்வரலாறு போதுமாயிருந்தது.

அதே திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்த வே. சா. அசரியா, 1912-ஆம் ஆண்டில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானவர். அதற்கு இரண்டாண்டு முன், 1910-ஆம் ஆண்டில், எடின்பரோவில் கூடிய மிஷனரி மாநாட்டில் வெள்ளையர் நடுவே எழுந்து நின்று அவர் பேசினார். நீங்கள் எங்களுக்காகப் பொருள் கொடுத்தீர்கள், உயிரும் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி; எங்களுக்கு வேண்டுவது நட்பு என்பதே அப்பேச்சின் சாரம். மிஷனரிமார் சிலர் முகஞ்சுளித்தனர். நூறாண்டுக்கு மேலாகியும், அட்டையும் தின்பண்டமும் கொடுத்தனுப்பும் ஆலயங்களுக்கு அப்பேச்சு இன்னும் பழையதாகிவிடவில்லை.

மூன்றாவது ஆலயம் தோட்டப்புறத்தை அடுத்த சிறு பட்டணமொன்றில் இருக்கின்றது. பார்வைக்கு அழகொன்றுமில்லை. தகரக் கூரை, மழை பெய்தால் பிரசங்கம் காதில் விழாது. வாயிலில் நின்று கைகுலுக்குவார் எவருமில்லை. நாம் தாமே உள்ளே போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த மூதாட்டி ஒருவர் நம்மைத் திரும்பியும் பாராமல், தம் புத்தகத்தை நம் பக்கமாகச் சிறிது நகர்த்தி, வாசிக்கும் வரியின்மேல் விரலை வைத்தார். வழிபாடு முழுவதும் அவ்விரல் வரிக்கு வரி நகர்ந்துகொண்டிருந்தது. எழ வேண்டிய இடத்தில் முழங்கையால் மெல்லத் தொட்டார். திருவிருந்துக்குப் பலிபீடத்தண்டை போகும் வேளை வந்தது. ஞானஸ்நானம் பெறாதார் அப்பத்தையும் இரசத்தையும் பெறுவதற்கில்லை. நாம் இருக்கையிலேயே இருந்துவிட எண்ணினோம். அவரோ, "கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு வாருங்கள், தம்பி. ஐயர் தலையில் கைவைத்து ஆசி கூறுவார். எல்லாரும் போகும்போது ஒருவர் மட்டும் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்?" என்று தாழ்ந்த குரலிற் சொன்னார். போனோம். முடிந்த பின்னர் அவர் கேட்டதெல்லாம், "பசியாறினீர்களா?" என்பதுதான். பெயரைக்கூட அன்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவர் நம்மை ஏறிட்டுப் பார்த்து, "தம்பி, நீங்கள் நல்ல உயரம். அந்தக் காற்றாடியின் இறக்கையில் தூசி படிந்து கிடக்கின்றது. இவர்களுக்கு எட்டவில்லை. துடைத்துத் தருவீர்களா?" என்றார். நாற்காலியின்மேல் ஏறி நான்கு காற்றாடிகளையும் துடைத்தோம். தூசி தலையெல்லாம் கொட்டிற்று. இறங்கியபோது ஒருவர் கோப்பி கொண்டுவந்து கொடுத்தார். ஒருவர் துண்டு கொடுத்தார். அதற்கடுத்த வாரம் குவளை கழுவும் இடத்தில் நமக்கென்று ஓரிடம் இருந்தது. பக்கத்தில் லாரி ஓட்டுபவர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், புதுக்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர். அவ்விளைஞர் தம் முதலாளி சம்பளத்தைப் பிடித்து வைத்திருப்பதைச் சொன்னார். வழக்கறிஞர் சவுக்காரக் கையைத் துடைத்துக்கொண்டு அப்பொழுதே விவரங்களைக் குறித்துக்கொண்டார். நம் தேடல் ஏறக்குறைய அன்று முடிந்தது என்று சொல்லலாம்.

ஏறக்குறைய என்றோம். ஏனெனில் தாயாரின் கேள்வி மறுமொழி பெறாமலே இருந்தது.

ஐயரவர்களிடம் அதனைச் சொன்னபோது அவர் வேதவசனம் எடுத்துரைக்கவில்லை. "அம்மா எப்போது வீட்டில் இருப்பார்கள்?" என்று கேட்டார். புதன்கிழமை மாலையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தாயார் மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தார். அவர் விளக்கேற்றி முடியும்வரை ஐயர் திண்ணையோரத்தில் காத்திருந்து, பின்னர் உள்ளே வந்து உட்கார்ந்தார். தோட்டம் எது, மரம் எத்தனை வெட்டினீர்கள், முழங்கால் வலி எத்தனை நாளாக என்று ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. தாயாரே விஷயத்துக்கு வந்தார். "ஐயா, இவனை உங்கள் கோயிலில் சேர்த்துக்கொள்கிறீர்கள். நாளைக்கு நான் போனால் இவன் எனக்குக் கொள்ளி வைப்பானா, வைக்கமாட்டானா?"

ஐயர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "தாய் தகப்பனை மதிக்க வேண்டுமென்பது எங்கள் கட்டளையிலும் உண்டு, அம்மா. கொள்ளியைப் பற்றி நீங்களும் அவரும் பேசி முடிவு செய்யுங்கள். அவர் உங்கள் பக்கத்தில் நிற்கக் கூடாதென்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். எந்த முடிவானாலும் நானும் சுடுகாட்டுக்கு வருவேன்" என்றார்.

அவர் போன பின்னர் தாயார் குவளையை எடுத்து உள்ளே பார்த்தார். "கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை" என்றார். சிறிது நேரம் கழித்து, "கோப்பியை மிச்சம் வைக்காமல் குடித்திருக்கிறார்" என்றார். பழைய தோட்டத்தில், எங்கள் லயத்துக்கு வந்த சிலர் வாசலிலேயே நின்று பேசிவிட்டு, கொடுத்த தண்ணீரைத் தொடாமல் போனதைத் தாயார் மறந்தவரல்லர். அவரிடம் அளவுகோல் ஒன்றுதான் உண்டு. அது குவளையின் அடி.

இனி, நம்மைப் போல் தேடுகின்ற அன்பர் எவரேனும் இருப்பின் அவர் பொருட்டு இரண்டொரு வார்த்தை. ஆலயத்தின் வாயிலில் நடப்பதைக்கொண்டு எதனையும் முடிவு செய்ய வேண்டாம். வழிபாடு முடிந்து அரைமணி நேரம் கழித்து அங்கே யார் நிற்கின்றனர், யாரோடு யார் பேசுகின்றனர் என்று பாருங்கள். காலையில் தமிழில் கூடுவாரும் பின்னர் ஆங்கிலத்தில் கூடுவாரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கின்றனரா என்று கவனியுங்கள். வீட்டுவேலை செய்யும் பெண்ணும் ஒப்பந்தத் தொழிலாளியும் எந்த மேஜையில் உட்காருகின்றனர் என்பதும் தெரியவரும். குழந்தை அழுதால் எத்தனை தலைகள் திரும்புகின்றன என்பதும் தெரியவரும். கூடுமானால் வாரநாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஐந்தாறு பேர் மட்டுமே கூடும் அவ்வேளையில் எவரும் வேஷம் போட முடியாது. பிரசங்கம் நன்றாயிருக்கின்றதா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நாம் போகும் ஆலயத்தில் அது சுமார்தான். ஐயரவர்கள் இதனைப் படிப்பாராயின் பொறுத்தருள்வாராக. மழை பெய்யும் வாரங்களில் எவர்க்கும் குறையில்லை.

வரும் உயிர்த்தெழுந்த திருநாளன்று நமக்கு ஞானஸ்நானம் கொடுப்பதாக நாள் குறித்திருக்கின்றனர். அதன் பின்னர் அத்தியட்சர் வரும்போது தலையில் கைவைத்துத் திடப்படுத்துவார். தமக்கையாருள் மூத்தவர் வரப்போவதில்லை. இளையவர் பார்க்கலாம் என்றிருக்கின்றார். கொள்ளியைப் பற்றித் தாயாரும் நாமும் இருமுறை பேசினோம். இன்னும் முடிவாகவில்லை. சென்ற வாரம் அவர் தம் நீலப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டார். எதற்கென்று நாம் கேட்கவில்லை. இரவு சோறு பரிமாறும்போது அவரே கேட்டார்: "உங்கள் கோயிலில் செருப்பை எங்கே விடுவது?"

செருப்போடே உள்ளே போகலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றோம்.

"அவர்கள் சொல்லாவிட்டால் என்ன? நான் கழற்றிவிட்டுத்தான் வருவேன்" என்று சொல்லி, இரசத்தை ஊற்றினார்.